யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகள்: காரில் முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போகும் பலர் நேராக ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற கெய்சருக்குத்தான் (வெந்நீரைப் பீச்சியடிக்கும் ஊற்று) காரை விரட்டுகிறார்கள். எனக்குப் பிடித்ததோ மேடிசன் சந்திப்பிலிருந்து அங்கே போகும் வழி. 26 கிலோமீட்டர்தான், ஃபயர்ஹோல் ஆற்றை ஒட்டிய சாலை. ஏறத்தாழ 6,40,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் பெருங்குழிக்குள் போகிறீர்கள். அடியில் அந்தச் சூடு இன்னும் இருக்கிறது. உள்ளே இறங்கும் மழைநீரும் பனிநீரும் கொதித்து மேலே வருவது அதனால்தான். இதற்கென்று ஒரு பகல் முழுவதையும் ஒதுக்குங்கள்.

படி 1: கிளம்பும் முன்

மேற்கு வாசல் ஏப்ரல் மத்தியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் கார்களுக்குத் திறந்திருக்கும். உள்ளே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. தேசியப் பூங்காத் துறையின் செயலியை முன்னதாகவே இறக்கி, யெல்லோஸ்டோன் பக்கத்தை ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 2: காலையில் ஃபயர்ஹோல் லேக் டிரைவ்

இது ஒருவழிப் பாதை. மேடிசனிலிருந்து வரும்போது இது முடியும் இடம்தான் முதலில் கண்ணில் படும். அதைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் போய் இடப்பக்கம் திரும்புங்கள். கிரேட் ஃபவுண்டன், ஒயிட் டோம் என்ற இரண்டு கெய்சர்களும் சாலையோரமே இருக்கின்றன. கிரேட் ஃபவுண்டன் எப்போது பீச்சும் என்ற கணிப்பு வெளியாகும். ஆனால் இரண்டு மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம். அது தோதுப்படாவிட்டால் காத்திருக்க வேண்டாம். இங்கே மஷ்ரூம் ஊற்று என்று ஒன்று உண்டு. 1966இல் தாமஸ் பிராக் குழுவினர் அதிலிருந்து எடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதிதான் பின்னாளில் பிசிஆர் சோதனைக்கு அடித்தளமானது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே சோதனைதான்.

படி 3: எதிரே ஃபவுண்டன் பெயின்ட் பாட்

பாதை முடிந்ததும் எதிரிலேயே பார்க்கிங். வெந்நீர் ஊற்று, கெய்சர், சேற்றுக் குழி, நீராவித் துளை நான்கையும் ஒரே சிறு சுற்றில் பார்க்கலாம். முதல்முறை வருபவர்கள் இதை விடவே கூடாது. சேறு 'பொளக் பொளக்' என்று குமிழிவிடுவதைச் சற்று நின்று பாருங்கள். கோடை முடிவில் நீர் வற்றி நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மரப்பலகைப் பாதையை விட்டுக் கால் வைக்காதீர்கள். பக்கத்தில் தெரியும் வெள்ளைத் தரை பல இடங்களில் மெல்லிய ஓடுதான், அடியில் கொதிநீர். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். இந்தப் பூங்காவின் ஊற்றுகளில் வெந்து இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். குழந்தையின் கையைப் பிடித்தே நடங்கள். நாயைப் பாதையில் அனுமதிக்க மாட்டார்கள்.

படி 4: வெயில் ஏறியதும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக்

குளிர்ந்த காலையில் போனால் ஆவி மூடி நிறமே தெரியாது; அதனால்தான் இதைப் பின்னால் வைத்தேன். இந்த வெந்நீர் ஊற்றின் அகலம் நூறு மீட்டருக்கும் மேல். நடுவில் உயிர்கள் வாழ முடியாத சூடு, அதனால் தெளிந்த நீலம். ஓரத்துக்கு வர வர நீர் ஆறும். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு வகை நுண்ணுயிர் படர்ந்து மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று வளையம் வளையமாக நிறம் மாறும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று பறித்துப் போன தொப்பிகள் அந்த ஆரஞ்சுப் படலத்தின் மேலேயே கிடக்கும். போய் எடுக்க முடியாது.

அப்புறம் காரை எடுத்து, தெற்கே ஃபெயரி ஃபால்ஸ் பார்க்கிங்கில் நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர் நடந்து ஏறினால் பார்வை மேடை வரும். முழு வட்டமும் தெரிவது அங்கிருந்துதான். ஊற்றின் அருகே போவது, மேடைக்கு ஏறுவது இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் மேடையையே சொல்வேன். வசந்தத்தில் கரடிகளுக்காக இந்தப் பாதையை மூடிவைப்பார்கள். மே கடைசி வாரத்துக்குப் பிறகு போவது நல்லது.

படி 5: கடைசியாக ஓல்டு ஃபெய்த்ஃபுல்

சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீச்சும். அடுத்தது எப்போது என்று பார்வையாளர் மையத்திலேயே தெரிந்துவிடும். பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகும். நேரம் இருந்தால் சாப்பிட்டுவிட்டே வந்து உட்காரலாம். திரும்பும் வழியில் காட்டெருமை சாலையை மறித்தால் காரை விட்டு இறங்காதீர்கள். அது போகும்வரை காத்திருங்கள்.