காட்டோரத்தில் இருக்கிற நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களும் ஆடு மாடு ஓட்டுபவர்களும் வழக்கில் மாட்டுவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை, எது எந்த வகைக் காடு என்று விசாரிக்காததால்தான். எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம் எல்லாமே 'ஃபாரஸ்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். காப்புக்காடு, அதாவது அரசு அறிவித்த 'ரிசர்வ் ஃபாரஸ்ட்' என்றால் அங்கே 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் செல்லும். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி பக்கத்துக் காப்புக்காடுகள் பலவும் 2014இல் வந்த காவேரி வடக்கு, 2022இல் வந்த காவேரி தெற்கு சரணாலயங்களுக்குள் போய்விட்டன, அங்கே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். விறகு, மேய்ச்சல் எதுவானாலும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. சரணாலயம் ஆகிவிட்டது, இனி நமக்கு ஒன்றும் இல்லை என்று இருளர், மலையாளி குடும்பங்கள் ஒதுங்கிவிடுவது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சரணாலயத்துக்குள்ளும் செல்லும். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருக்கும் நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, உரிமை கேட்கலாம். பழங்குடி அல்லாதவர்கள் என்றால் அந்தத் தேதிக்கு முன்பே மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். நிறையப் பேர் தனிநபர் மனுவோடு நிறுத்திவிடுகிறார்கள். புளி, கடுக்காய், தேன் எடுக்கவும், மாடு மேய்க்கவும் ஊருக்கே சேர்த்துத் தனியாக சமூக உரிமை மனு போடலாம் என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ரசீது, பத்திரம் இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். பழைய கிணறு, சுடுகாடு, குலசாமி கோயில், ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம் எல்லாமே சான்றுதான், ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனு போக வேண்டிய இடம் கிராம சபை. "உன் மனு தள்ளுபடி" என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு 60 நாள் இருக்கிறது. அப்புறம், கிடைத்த நிலம் பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. அதை நம்பி யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

மாசி, பங்குனியில் புதுப்புல் வரும் என்று நெருப்பு வைப்பதை இன்னும் விடவில்லை. புல் வரும்தான். ஆனால் அந்த நெருப்பில் முளைத்து வந்த கன்றுகள் கருகிவிட, உண்ணிச்செடி (லண்டானா) மட்டும் வேரிலிருந்து மறுபடி துளிர்த்து முன்பைவிட அடர்த்தியாகப் படர்கிறது. நாலைந்து வருடத்தில் மாட்டுக்கு மேய்ச்சலே இருக்காது. காட்டுக்கு நெருப்பு வைப்பது குற்றமும்கூட.

ராகி அறுப்பு நேரத்தில் யானை வரும் பயம் நியாயமானது. அதற்காக வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவதை என்ன சொல்லியும் ஏற்க முடியாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. மனிதர்களும் சாகிறார்கள். சோலார் வேலி போடுங்கள், அதையும் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். பயிர் போய்விட்டால் உடனே உழுதுவிடாமல், வனத்துறைக்குத் தகவல் சொல்லி, மிதிபட்ட இடத்தைப் போட்டோ எடுத்து, அவர்கள் வந்து பார்க்கும் வரை அப்படியே விட்டு வையுங்கள், இழப்பீட்டு மனுவுக்கு அதுதான் ஆதாரம்.