செய்தியாளருக்கு ஆபத்து என்றால்: உடன் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

மணல் குவாரி, சாலை ஒப்பந்தம், நில அபகரிப்பு, காவல் நிலைய மரணம் என்று எழுதுகிற நிருபருக்கு ஆபத்து பெரும்பாலும் சொந்த ஊரிலேயேதான் இருக்கிறது. சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் சாலைப் பணி முறைகேட்டை வெளியே கொண்டுவந்த முகேஷ் சந்திராகர் 2025 ஜனவரி 1 அன்று காணாமல் போனார். இரண்டு நாள் கழித்து, ஓர் ஒப்பந்ததாரருக்குச் சொந்தமான இடத்தில், மேலே கான்கிரீட் போட்டு மூடிய கழிவுநீர்த் தொட்டிக்குள் அவர் உடல் கிடைத்தது. கைப்பேசி கடைசியாக எங்கே இருந்தது என்பதை வைத்துத்தான் தேடியவர்கள் அந்த இடத்துக்குப் போனார்கள்.

அப்படி எழுதுகிறவரின் சக நிருபர்கள், செய்தி ஆசிரியர், சங்கப் பொறுப்பாளர், வீட்டார் ஆகியோருக்கான குறிப்புகள் இவை. இதில் பாதிக்கு மேல், எந்த ஆபத்தும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து முடிக்க வேண்டியவை. கைதான இரவில் எல்லாரும் பதற்றத்தில் இருப்பார்கள். அப்போது தேடினால் ஒரு தாளும் கைக்குக் கிடைக்காது.

முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டிய உறை

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வழக்கறிஞரிடம், இன்னொன்று வேறு வீட்டில் இருக்கும் நம்பகமானவரிடம். நிருபரின் வீட்டில் மட்டும் வைத்திருந்தால் சோதனையின்போது அதுவும் போய்விடும்.

உள்ளே இருக்க வேண்டியவை: அடையாள அட்டையில் உள்ளபடியே முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி (புனைபெயரில் எழுதுகிறவரைக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார்), பாஸ்போர்ட் நகல், இரத்த வகை, தினமும் சாப்பிடும் மாத்திரை, அதன் அளவு, மருத்துவர் சீட்டு, இரண்டு வழக்கறிஞர்களின் எண், அச்சிலோ இணையத்திலோ வெளியான பத்துச் செய்திகள், தேதியோடு பி.டி.எஃப். கோப்பாக. வெறும் இணைப்பு போதாது. செய்தியை நீக்கும்படி நெருக்கடி வந்தால் முதலில் காணாமல் போவது அந்த இணைப்புதான். பகுதிநேர நிருபராக இருந்தால் ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். "இவர் எங்களுக்கு இன்ன ஆண்டிலிருந்து செய்தி தருகிறார்" என்ற ஒரு வரி போதும். ஆபத்து வந்தபின் "அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்று கைவிரித்த நிறுவனங்கள் உண்டு. அடையாள அட்டை இல்லாத நிருபரை நிருபரே இல்லை என்று சொல்லிவிடுவது காவல்துறைக்கும் சுலபம்.

கையெழுத்திட்ட வக்காலத்து (தனக்காக வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாள்) இந்த உறையில் கட்டாயம் இருக்க வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸ் போகும் வழியில் 2020 அக்டோபர் 5 அன்று கைதான செய்தியாளர் சித்திக் காப்பனுக்காகக் கேரளப் பத்திரிகையாளர் சங்கம் உடனே உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் அவரைப் பார்த்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கவே ஒரு மாதத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. முன்பே கையெழுத்திட்ட தாள் ஒன்று இருந்தால் முதல் நாளே வழக்கறிஞர் அவருக்காக நிற்க முடியும்.

இன்னொன்று, ஒப்புதல் கடிதம். "நான் பேச முடியாத நிலையில் இருந்தால் என் பெயரை வெளியிடலாமா, படத்தைப் போடலாமா, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, வீட்டு முகவரி போன்றவற்றை எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாதா, என் சார்பாக யார் முடிவெடுப்பது" என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். இது இல்லாத இடத்தில்தான் மனைவி ஒன்று சொல்ல, சங்கம் ஒன்று சொல்ல, ஆசிரியர் வேறொன்று சொல்ல, மூன்றும் செய்தியாகி வழக்கைக் கெடுக்கின்றன.

மிரட்டல் வந்தால்

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, நேரம், அழைத்த எண், சொன்ன வார்த்தைகள் அப்படியே, பக்கத்தில் இருந்தவர் யார், அதற்கு முந்தைய வாரம் வெளியான செய்தி எது. கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். பின்னால் எந்த அமைப்பு உதவிக்கு வந்தாலும் அவர்களின் முதல் கேள்வி, இந்த மிரட்டலுக்கும் இவர் எழுதியதற்கும் என்ன தொடர்பு என்பதுதான்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது நீங்கள் சேமித்து வைத்த பெயர் தெரிந்தால் போதாது, எண் தெரிய வேண்டும். அசல் செய்தியை அழிக்காதீர்கள். இந்திய நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாக்ஷ்ய சட்டம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அசல் கோப்பும் அசல் போனும் கையில் இருந்தால் அதை வாங்குவது எளிது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) அதற்கு வழி தருகிறது. அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். "புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து இருந்ததைக் காவல்துறை அறிந்திருந்தது என்பதற்குப் பின்னால் அந்த ரசீது ஒன்றுதான் சாட்சி.

களத்துக்குப் போகும் நாள்

கிளம்பும் நேரம், போகும் வழி, சந்திக்கும் ஆள், திரும்பும் நேரம் ஆகியவை ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு குறுஞ்செய்தி. சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆனால் அழைப்பது, ஒரு மணி ஆனால் உள்ளூரில் இருக்கும் இரண்டாவது ஆளை அனுப்புவது, இரண்டு மணி ஆனால் ஆசிரியர், வழக்கறிஞர், காவல்துறை மூவருக்கும் சொல்வது என்று எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். "சிக்னல் இல்லாமல் இருக்கும், பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே முதல் ஆறு மணி நேரம் வீணாகிவிடும். ஆளைக் கடத்தியிருந்தால் அந்த ஆறு மணி நேரம்தான் எல்லாம்.

கையில் இருக்கும் ஆவணங்களின் பிரதியை வேறொரு நிருபரிடம் சேர்த்துவிடுவதும் ஒரு பாதுகாப்பு. பிரான்சிலிருந்து இயங்கும் ஃபர்பிடன் ஸ்டோரீஸ் என்ற செய்தியாளர் அமைப்பு இதற்கென்றே ஒரு பாதுகாப்புப் பெட்டக ஏற்பாடு வைத்திருக்கிறது. கொலம்பியாவின் செய்தியாளர் ரஃபேல் மொரேனோ 2022 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சில நாள் முன்புதான் அவர்களோடு பேசியிருந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து பல நாட்டுச் செய்தியாளர்கள் தொடர்ந்து எழுதினார்கள். ஆளைக் கொன்றாலும் செய்தி நிற்காது என்று எதிராளிக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

போன்

கைரேகை, முகம் காட்டித் திறப்பது இரண்டையும் எடுத்துவிட்டு, எட்டு இலக்கத்துக்குக் குறையாத கடவெண் வையுங்கள். போலீஸ் வருவது தெரிந்தால் போனைப் பூட்டினால் மட்டும் போதாது, முழுதாக அணைக்க வேண்டும். அணைத்துவிட்டு இன்னும் ஒருமுறைகூடத் திறக்காத போனிலிருந்து தரவை எடுப்பது, பூட்டிய போனிலிருந்து எடுப்பதைவிடக் கடினம்.

வாட்ஸ்அப் உரையாடல் மறைகுறியாக்கப்பட்டது என்று நம்பி எல்லாவற்றையும் பேசுகிறவர்கள், அதன் காப்புப் பிரதி கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ கிடப்பதை மறந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அந்தக் காப்புப் பிரதிக்கும் மறைகுறியாக்கத்தை இயக்குங்கள், இல்லையென்றால் காப்புப் பிரதியையே நிறுத்துங்கள். இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை வையுங்கள். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள். தகவல் தருபவர்களோடு 'சிக்னல்' செயலியில், தானாக மறையும் செய்தியாக, போன் எண்ணைக் காட்டாத பயனர்பெயரில் பேசுவது நல்லது. ஐபோன் வைத்திருந்தால் லாக்டவுன் மோட் போடுங்கள். சில வசதிகள் போய்விடும், ஆனால் உளவு மென்பொருள் உள்ளே நுழையும் வழிகள் பல அடைபடும்.

எச்சரிக்கை: சம்மன் வந்தபிறகு எதையும் அழிக்கக் கூடாது. அது சாட்சியத்தை அழித்த குற்றமாகிவிடும். அழிக்க வேண்டியதை அன்றாடம் அழிக்கிற பழக்கம்தான் பாதுகாப்பு.

கைதான முதல் 24 மணி நேரம்

முதலில் எந்த நிலையம், எந்த அதிகாரி, என்ன வழக்கு எண் என்பதைக் கண்டுபிடியுங்கள். இருவர் நிலையத்துக்குப் போங்கள், ஒருவர் வழக்கறிஞரோடு தொடர்பில் இருங்கள், ஒருவர் வீட்டாரோடு இருங்கள். ஐம்பது பேர் திரண்டு நிலையத்துக்கு முன் கோஷம் போடுவது முதல் ஒரு மணி நேரத்தில் உதவாது. இன்னொரு வழக்குக்குத்தான் அது இடம் தரும்.

இந்தியாவில் கேட்க வேண்டியவை மூன்று: சாட்சி கையெழுத்தோடு கைதுக் குறிப்பாணை, கைதுக்கான காரணங்கள் எழுத்தில், பறிமுதல் மகஜர் (எடுத்த பொருட்களின் பட்டியல்) நகல். நடுவில் உள்ளதை வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்று நிலையத்தில் சொல்வார்கள். நியூஸ்கிளிக் செய்தித்தள ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில், காரணங்களை எழுத்தில் தராததாலேயே அவரது கைதும் ரிமாண்டும் செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியது விடிகாலையில், அவருடைய வழக்கறிஞருக்குத் தெரியாமல். எனவே எங்கே, எத்தனை மணிக்கு ஆஜர்படுத்துவார்கள் என்பதை விடாமல் விசாரியுங்கள். மாஜிஸ்திரேட் வீட்டு வாசலிலும் ஒருவர் நிற்கட்டும்.

சோதனையை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போது சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105ஆம் பிரிவு). போன், மடிக்கணினி எடுத்தால் மாடல், வரிசை எண், ஐ.எம்.இ.ஐ. (போனின் அடையாள எண்), ஹாஷ் மதிப்பு (உள்ளிருக்கும் தரவிலிருந்து கணக்கிடும் குறியீடு, தரவு மாறினால் அதுவும் மாறும்) ஆகியவற்றை மகஜரில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததை அன்றே வழக்கறிஞர் கடிதமாக அனுப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பு இல்லையென்றால், பின்னால் உள்ளே புதிதாக ஏதாவது சேர்ந்ததா என்று நிரூபிக்க வழியில்லை.

இலங்கையில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வழக்கமான கைதுக்கு 24 மணி நேரம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 72 மணி நேரம் என்ற கணக்கு உண்டு. தடுப்புக்காவல் ஆணை வந்தால் அது மாதக் கணக்காகும். அந்தச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். காவல்துறை அறிவிக்கும் என்று காத்திராமல் ஆணைக்குழுவின் 1996 என்ற எண்ணுக்கு வீட்டாரே அழைத்துப் பதிவு செய்யுங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில், அதாவது கொழும்பில் உள்ள நாட்டின் உச்ச நீதிமன்றத்தில், ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதம் அலைச்சலிலேயே ஓடிவிடும், நாளைக் குறித்து வையுங்கள். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு.

வெளிநாட்டு உதவி கேட்கும் விதம்

யாருக்கு எழுதினாலும் முதலில் ஒரே ஒரு பக்கக் குறிப்பு தயாராகட்டும்: யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, எந்தச் செய்திக்காக, இப்போது என்ன நிலை, என்ன உதவி தேவை. உறுதியாகத் தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். "காவல்துறையினர் அடித்தார்கள்" என்பதைவிட "வலது காதில் அறைந்தார்கள் என்று மனைவியிடம் சொன்னார், மருத்துவச் சான்று இன்னும் இல்லை" என்ற வாக்கியம் பல மடங்கு உதவும்.

அடுத்து, சரியான கதவைத் தட்டுங்கள். நியூயார்க்கின் சி.பி.ஜே. (செய்தியாளர் பாதுகாப்புக் குழு), பாரிஸின் ஆர்.எஸ்.எஃப். (எல்லைகளற்ற செய்தியாளர்கள்) இரண்டும் மருத்துவம், தற்காலிக இடமாற்றம், சட்டச் செலவு போன்றவற்றுக்கு அவசர உதவி தரும். ரோரி பெக் டிரஸ்ட் தனித்து இயங்கும் ஃபிரீலான்ஸ் செய்தியாளர்களுக்கு. பெண் செய்தியாளருக்கு ஐ.டபிள்யூ.எம்.எஃப். (சர்வதேசப் பெண்கள் ஊடக அறக்கட்டளை). வழக்கு நடத்த லண்டனின் மீடியா டிஃபென்ஸ். போனில் உளவு மென்பொருள் இருப்பதாகச் சந்தேகம் என்றால் ஆக்சஸ் நவ் அமைப்பின் 24 மணி நேர உதவி மையம். அவர்களிடம் பேசும்வரை அந்தப் போனை ரீசெட் செய்யாதீர்கள்.

ஒரே நேரத்தில் பத்து இடத்துக்குப் பத்து விதமாக எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இந்த அமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. தேதி மாறினாலோ தொகை மாறினாலோ சந்தேகம் வந்து எல்லாமே தாமதமாகும். வேறு யாருக்கு எழுதியிருக்கிறீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். விசா வாங்கித் தருவார்கள் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம், அது பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை.

ஐ.நா.வின் கருத்துச் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளருக்கும், தன்னிச்சையான தடுப்புக்காவல் பற்றிய பணிக்குழுவுக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், வழக்கறிஞர் தேவையில்லை, உள்ளூர் நீதிமன்றங்கள் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் பாதிக்கப்பட்டவர் பெயர் அந்நாட்டு அரசுக்குப் போகும். சிறப்பு அறிக்கையாளர் அனுப்பும் கடிதம் 60 நாளுக்குப் பிறகு பொதுவெளியிலும் வரும். ஒப்புதல் கடிதம் இங்கேயும் தேவைப்படும்.

வெளியே சொல்வதா, வேண்டாமா

இதைக் குடும்பமும் வழக்கறிஞரும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆள் எங்கே என்று தெரியாதபோது தயங்காமல் உடனே சொல்லுங்கள், அந்த நேரத்தில் மௌனம் எதிராளிக்குத்தான் உதவும். விடுவிப்பது பற்றி உள்ளுக்குள் பேச்சு நடக்கும்போது சில நாள் அடக்கி வாசிப்பது பலன் தரக்கூடும். இலங்கையில் 2008 மார்ச்சில் பிடிக்கப்பட்ட செய்தியாளர் ஜெ.எஸ். திஸ்ஸநாயகத்துக்கு 2009இல் 20 ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்கும் அவர் பெயர் ஒலித்துக்கொண்டே இருந்தது; 2010இல் மன்னிப்பு கிடைத்தது. கூட்டம் முதல் வாரத்தில் கூடிவிடும். எட்டாவது மாதத்திலும் வாய்தா தேதியை ஞாபகம் வைத்து நீதிமன்றத்துக்குப் போக ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு முறைவைத்து இருவர் பெயரை எழுதி வையுங்கள். பிணை நிற்பவர்களின் வீட்டு வரி ரசீது, சொத்து ஆவணம் எல்லாம் முன்பே தயாராகட்டும். காப்பனுக்கு ஒரு வழக்கில் 2022 செப்டம்பரில் ஜாமீன் கிடைத்தும், இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்ததால் 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார்.

போன் திரும்பக் கிடைத்தால்

மீண்டும் பயன்படுத்தாதீர்கள். செர்பியாவில் 2024இல் ஸ்லாவிஷா மிலானோவ் என்ற செய்தியாளர் காவல் நிலைய வரவேற்பில் ஒப்படைத்த போனை, அவர் வருவதற்குள் திறந்து உளவு மென்பொருள் ஏற்றியிருந்ததை அம்னெஸ்டியின் ஆய்வகம் கண்டுபிடித்தது. திரும்பக் கிடைத்த தேதியையும் நேரத்தையும் குறித்து, அணைத்த நிலையிலேயே உறையில் போட்டு ஒட்டி, ஆய்வுக்கு அனுப்புங்கள். வேறொரு சாதனத்திலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், மின்னஞ்சலில் தொடங்கி. அதே நாளில், அந்தப் போனில் எண் இருந்த தகவல் தருபவர்களுக்கு, வேறு எண்ணிலிருந்தோ நேரில் ஆள் அனுப்பியோ, விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.