எதிரே வெளிச்சம் அடித்தால் ஒதுங்குங்கள்

லண்டனில் எதிரே வருபவர் முன்விளக்கை ஒருமுறை மின்னினால், "நீங்கள் முதலில் வாருங்கள்" என்று பொருள். யாழ்ப்பாணத்தில் அதே வெளிச்சம் "நான் வருகிறேன், நில்லுங்கள்" என்கிறது. லண்டனில் இருபது ஆண்டுகள் ஓட்டிய பழக்கத்தோடு, கொக்குவில் பக்கம் ஒரு சந்தியில் வலப்புறம் திரும்பக் காத்திருந்தேன். எதிரே வந்த வான் ஒன்று வெளிச்சம் அடித்தது. வழிவிடுகிறார் என்று நம்பித் திருப்பினேன். ஒரு முழ இடைவெளியில் தப்பினோம். பின் ஆசனத்தில் அம்மா இருந்தார். அந்தச் சாரதி மீது எந்தப் பிழையும் இல்லை. தன் ஊர் வழக்கப்படி அவர் தெளிவாகத்தான் சொன்னார்.

கனடா, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வேயிலிருந்து வருவோர் இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்லும். நெரிசலில் முன்னால் போகிறவரைப் பின்தொடர்ந்தே போய்விடலாம். கை தடுமாறுவது வெறும் வீதியில்தான். விடியற்காலையில் படலையைத் திறந்து காரை வெளியே எடுக்கும்போது, கை தானாக வலப்பக்கம் திருப்பிவிடும். நடந்து வீதியைக் கடக்கும்போதும் முதலில் வலப்பக்கம் பாருங்கள்.

ஹோர்ன் சத்தத்துக்குக் கோபப்படாதீர்கள். ஐரோப்பாவில் அது ஏச்சு. இங்கே "பின்னால் வருகிறேன்" என்ற அறிவிப்பு. இருபுறமும் மதில் உயர்ந்த ஒழுங்கையில் வளைவு வந்தால் நீங்களும் அடித்தே ஆகவேண்டும். அந்தப் பக்கம் சைக்கிளில் ஒரு பிள்ளை வரலாம்.

கண்டியிலிருந்து வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி வேறு விதம். அகலமும் நேரும் கண்டு கால் தானாக அழுத்தும். கார்களுக்கு ஊர்களுக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் எல்லை. அது வெறும் காவல்துறைக் கணக்கல்ல. வன்னியில் இரவில் மாடுகள் தார் வீதியிலேயே படுத்துக் கிடக்கும். பின்விளக்கு இல்லாத லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்), அருகில் போன பிறகே கண்ணில் படும். காலபோக அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும்; தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டால் சட்டென்று விலக்க நேராது.

உங்கள் நாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் நம்பி மச்சானின் காரை எடுக்காதீர்கள். இலங்கையில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிட்டுவிடலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய கையோடு யாழ்ப்பாணம் புறப்படும் இரவுப் பயணம். புத்தளம், அநுராதபுரம் வழியாக ஏழெட்டு மணி நேரம். உங்களை ஏற்ற வந்த சாரதி பெரும்பாலும் அன்று பகல் முழுவதும் யாழ்ப்பாணத்திலிருந்து ஓட்டி வந்தவர். நீங்கள் பின்னால் தூங்கிவிடுவீர்கள். அவர் தனியாக விழித்திருக்க வேண்டும். முடிந்தால் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி விடிந்ததும் புறப்படுங்கள். முடியாவிட்டால், அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று ஏறுமுன்னரே கேளுங்கள். முன் ஆசனத்தில் ஒருவர் விழித்திருந்து பேச்சுக் கொடுங்கள். வவுனியாவில் நிறுத்தச் சொல்லி அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். கொஞ்ச நேரம் கால் நீட்டட்டும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு, வரப் பிந்தும் என்று அங்கிருந்தே சொல்லிவிடுங்கள்.