கடற்கரை மேட்டில் மண் வெட்டும் முன்

இராமநாதபுரம் கடற்கரையில் வீட்டுமனைக்கோ இறால் பண்ணைக்கோ நிலம் வாங்குவோர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் கவனமாகப் பார்க்கிறார்கள்; மண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. வைகை கடலைச் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1986-87 முதல் பல பருவங்களாக அகழ்ந்து, ரோமானிய நாணயங்களையும் தமிழின் பழைய எழுத்தான தமிழி பொறித்த பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தது. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. இவை பெயர் பெற்ற ஊர்கள். பொக்லைனுக்கு முதலில் இரையாவது பழைய ஊர்கள் புதைந்து கிடக்கும் பெயர் பெறாத மேடுகள்தாம்.

விலை பேசும் முன் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பின் நடப்பது நல்லது. மழை மேல்மண்ணை அரித்து ஓடுகளைக் கழுவி வைத்திருக்கும். வரப்பின் சரிவு, பனையின் வேர்மூடு, எலி தள்ளிய வளைமண் ஆகிய மூன்றையும் தவறவிடாதீர்கள், ஏனெனில் கடப்பாரை படாமலேயே அடிமண்ணை மேலே காட்டுபவை அவையே. உட்புறமும் விளிம்பும் கறுத்து வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவந்திருந்தால் அது கறுப்பு-சிவப்பு ஓடு, அதாவது பழங்காலப் பானையின் துண்டு. அறுத்த சங்கு வளையல் துண்டும், இன்றைய செங்கல்லைவிட நீள அகலம் மிகுந்த செங்கல்லும் பழைய குடியிருப்பின் அடையாளங்கள். கண்டதைப் பையில் போடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். பெயர்த்து எடுத்துவிட்டால் ஓடு மட்டும் மிஞ்சும். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற செய்தி போய்விடும்.

அடுத்து, புலப்படத்துடன் தொல்லியல் துறையை அணுகி, அருகில் பாதுகாக்கப்பட்ட இடம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னமானால், தொல்சின்னங்கள் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி தனி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஓடு கிடைத்தாலே நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சி இரவோடு இரவாக மேட்டைச் சமன் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு மனைப்பிரிவு வரைபடத்திலேயே விடை உண்டு. பெரிய மனைப்பிரிவுகளில் பொதுப் பயன்பாட்டுக்கு 10 விழுக்காடு நிலத்தை எப்படியும் ஒதுக்கியாக வேண்டும். அதை மூலையில் கிடக்கும் பள்ளத்தில் தள்ளாமல், ஓடுகள் அடர்ந்த மேட்டின் மீதே அமையுமாறு வரையச் சொன்னால், மேடும் தப்பும், விற்கும் மனையின் அளவும் குறையாது. ஆனால் அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு அடித்தளம் தோண்டிவிடக் கூடாது. பாதை போடும்போது வெட்டித் தாழ்த்தாமல், வெளியிலிருந்து மண் கொட்டி உயர்த்துங்கள். அந்த மண் வேறொரு மேட்டிலிருந்து வந்த சவுடாக இருந்தால் செய்த வேலையே வீண். இறால் குட்டைக்கோ இத்தகைய சமரசம் கிடையாது, பரப்பு முழுவதையும் தோண்ட வேண்டியிருப்பதால் இடத்தை மாற்றுவதே வழி. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவதுதான் வழக்கம் என்றாலும், மேட்டின் மீது மட்டும் அடியோடு அறுத்து, துளிர்க்கும்போதெல்லாம் வெட்டுங்கள். செலவு கூடும்தான், வேரோடு வரும் மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது.

வேலை தொடங்கும் நாளில் வண்டி ஓட்டுநரிடமே நேரில் சொல்லிவிடுங்கள், பள்ளத்தை முதலில் காண்பவர் அவர்தான். சுடுமண் உறைகள் வட்டமாகத் தென்பட்டால் அது உறைகிணறாக இருக்கலாம்; உடனே வண்டியை நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவியுங்கள். நாணயமோ நகையோ கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கக் கண்டெடுத்தவர் கடமைப்பட்டவர். அதிகாரிகள் வரும்வரை குழியைத் தார்ப்பாயால் மூடி, மழைநீர் உள்ளே இறங்காதபடி சுற்றிலும் சிறு வரப்பு கட்டி வையுங்கள்.