டிகிரியின் பெயரை மறைத்துவிட்டு சிலபஸைப் படியுங்கள்

ஐ.டி. வேலைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "கம்ப்யூட்டர் சயின்ஸா, இன்ஃபர்மேஷன் டெக்னாலஜியா?" என்றுதான். நான் பதிலுக்கு சிலபஸைக் கேட்பேன். பெரும்பாலும் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கையில் ஒரு மாலைப்பொழுதும் மூன்று கலர் பென்சிலும் இருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

படி 1: பெயர்களின் பொருள்

கணினித் துறையின் சர்வதேச அமைப்புகளான ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. இரண்டும் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டி, இளநிலைக் கணினிப் படிப்புகளை ஐந்தாகப் பிரித்தது. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் சர்க்யூட்டும் சிப்பும் அதிகம். கம்ப்யூட்டர் சயின்ஸில் கணக்கும், ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறையான அல்காரிதமும். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்பது பெரிய மென்பொருளைப் பலர் சேர்ந்து கட்டி, சோதித்து, வருடக்கணக்கில் பராமரிப்பது. இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி நெட்வொர்க், சர்வர் பக்கம் போகும். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸில் பாதி மேலாண்மை. 2020-ல் வந்த அடுத்த அறிக்கையில் சைபர் செக்யூரிட்டியும் டேட்டா சயின்ஸும் சேர்ந்துகொண்டன.

ஆனால் எல்லாக் கல்லூரிகளும் இந்த வரையறைப்படி பெயர் வைப்பதில்லை. அதனால்தான் அடுத்த படி.

படி 2: மூன்று நிறம்

விளம்பரக் கையேடு வேண்டாம். செமஸ்டர்வாரியாக, யூனிட்வாரியாக உள்ள முழு சிலபஸை எடுங்கள். மேலே உள்ள டிகிரி பெயரைக் காகிதத்தால் மறைத்துவிட்டு ஒவ்வொரு பாடத்துக்கும் நிறம் தீட்டுங்கள்.

சிவப்பு: கணக்கு. டிஸ்கிரீட் மேத்ஸ், லீனியர் அல்ஜீப்ரா, புராபபிலிட்டி.
நீலம்: அடிப்படை. டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ்.
பச்சை: கருவிகள். குறிப்பிட்ட புரோகிராமிங் மொழி, வெப் டிசைன், கிளவுட் போன்றவை.

நிர்வாகம், மொழிப்பாடம் எல்லாம் நிறமில்லாமல் இருக்கட்டும்.

பச்சை கண்ணைப் பறிக்கும். முதல் வேலைக்கு உதவவும் செய்யும். ஆனால் சீக்கிரம் பழசாகிவிடும். ஒரு காலத்தில் வெப் டிசைன் என்றாலே, வெப் பக்கங்களில் அனிமேஷன் காட்டும் ஃபிளாஷ் மென்பொருள்தான். 2020 கடைசியில் அதற்கான ஆதரவையே நிறுத்திவிட்டார்கள். கணினி விஞ்ஞானி எட்கர் காட் 1970-ல் முன்வைத்த, தகவலை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ் கருத்தோ இன்றும் வங்கிக் கணக்குகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீலத்தில் மேலே சொன்ன ஐந்தில் இரண்டு காணோம் என்றால், பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நான் அந்த கோர்ஸைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஏ.ஐ. என்று பெயரில் ஒட்டிய கோர்ஸ்களையும் இப்படியே பாருங்கள். சில சமயம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அதற்கும் நான்கைந்து பாடங்கள்தான் வித்தியாசம் இருக்கும். பெயரில் ஏ.ஐ. இருந்து சிவப்பு குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். லீனியர் அல்ஜீப்ராவும் புராபபிலிட்டியும் இல்லாமல், ஏ.ஐ.யின் அடிப்படையான மெஷின் லேர்னிங்கை மேலோட்டமாகத்தான் சொல்லித்தர முடியும்.

படி 3: கணக்கு பயமா?

பள்ளியில் கால்குலஸ் வரவில்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். டிஸ்கிரீட் மேத்ஸ் வேறு ரகம்: தர்க்கம், கணங்கள், எண்ணும் முறைகள். புதிர் அவிழ்க்கப் பிடிக்கும் என்றால் இதுவும் பிடித்துப்போக வாய்ப்பு உண்டு. அதன் முதல் அத்தியாயத்தை ஒரு வாரம் படித்துப் பாருங்கள். அப்போதும் எரிச்சல்தான் வருகிறதா? சரி, சிவப்பு குறைந்த கோர்ஸுக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்வர்களை ஓடவைப்பவர்களும் ஐ.டி.க்காரர்கள்தான்.

படி 4: இரண்டு வாரச் சோதனை

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் செலவுக் கணக்கு எழுதும் சின்ன புரோகிராம் ஒன்றைச் செய்யுங்கள். அப்புறம் அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஓடவையுங்கள். எந்த இடத்தில் நேரம் போனதே தெரியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வேகமாக்குவதிலா? கம்ப்யூட்டர் சயின்ஸ். பிழை வராதபடி ஒழுங்குபடுத்துவதிலா? சாஃப்ட்வேர் இன்ஜினியரிங். இன்னொரு கம்ப்யூட்டரில் அது ஏன் ஓடவில்லை என்று நோண்டுவதிலா? இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி.

படி 5: சேரும் முன் மூன்று கேள்விகள்

படிப்பு மூன்று வருடமா, நான்கா? சில நாடுகளில் முதுநிலைக்கு நான்கு வருட டிகிரி கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. லேப் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? முதல் வருடம் முடிந்தபின் பிரிவு மாற்றிக்கொள்ள முடியுமா?

இரண்டு கோர்ஸ் சரிசமமாக நின்றால், கடைசிக் கேள்விக்கு 'முடியும்' என்று எழுத்தில் பதில் தருகிற இடத்தையே நான் எடுப்பேன்.