‘செவன் பியூட்டீஸ்’ பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொபெர்த்தோ பெனினியின் ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ (1997) பார்த்துக் கண்ணைத் துடைத்த கையோடு, “அதே மாதிரி இன்னொரு இத்தாலியப் படம்” என்று லீனா வெர்ட்முல்லரின் ‘செவன் பியூட்டீஸ்’ (1975) படத்தைப் போட்டு உட்காருவதுதான் முதல் தவறு. இரண்டிலும் நாஜி முகாம் உண்டு, சிரிப்பும் உண்டு. ஒற்றுமை அத்தோடு சரி. அங்கே ஓர் அப்பா மகனைக் காப்பாற்றப் பாடுபடுகிறார். இங்கே நாயகன் பாஸ்குவாலினோ தன் ஒருவனைத்தான் காப்பாற்றிக்கொள்கிறான். குடும்பத்தோடு பார்க்கிற படமும் அல்ல. மனநோய் விடுதியில் கட்டிப்போட்டிருக்கும் பெண்ணை அவன் பலாத்காரம் செய்யும் காட்சி போதும், அவன்மேல் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சப் பிரியமும் கழன்றுவிடும்.

தொடக்கத்தில் ஹிட்லர், முசோலினி செய்திப்படத் துண்டுகள் ஓடும். மேலே ஒரு குரல் சலிப்பாக “ஓ யே” போட்டுக்கொண்டே இருக்கும். அதை ஓட்டிவிடாதீர்கள். படத்தின் சுருதி அதுதான்.

முகாம்தான் கதை, அவன் ஊரான நேப்பிள்ஸ் வெறும் ஃப்ளாஷ்பேக் என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. பாஸ்குவாலினோவோடு பிறந்த பெண்கள் ஏழு பேர். அவர்களில் கொன்செத்தினாவைக் கல்யாணம் செய்வதாகச் சொல்லி விபசார விடுதியில் தள்ளிவிடுகிறான் தொத்தொன்னோ. குடும்ப மானத்தைக் காக்க இவன் கிளம்புகிறான். ஆனால் படுக்கையில் கிடந்த தொத்தொன்னோ ஆயுதத்தைத் தொடும் முன்பே குண்டு பாய்ந்துவிடுகிறது. வீரக்கதை அங்கேயே புஸ்ஸென்று போகிறது. பிறகு அந்தக் கனத்த உடம்பைப் புரட்ட முடியாமல் அவன் திண்டாடுவதும், வெட்டிப் பெட்டிகளில் அடைப்பதும்தான் நடக்கிறது.

இந்த இடத்தில் சிரிக்க ஒரு தகவல் தேவை. மனைவியோ மகளோ சகோதரியோ கள்ள உறவில் இருப்பதைக் கண்டு, ஆத்திரத்தில் கொன்றவனுக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டு தண்டனை போதும் என்றது இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 587ஆம் பிரிவு. அது ஒழிந்தது 1981இல்தான். அதாவது படம் வெளியானபோது திரையரங்கில் இருந்தவர்கள் சிரித்தது, நடைமுறையில் இருந்த ஒரு சட்டத்தின் முகத்தில். பாஸ்குவாலினோவோ மானத்துக்காகக் கொன்றுவிட்டு, தலை தப்பப் பைத்தியக்காரப் பட்டம் வாங்கிக்கொள்கிறான். கவரிமானை மனதில் வைத்துக்கொண்டு இவனைப் பார்த்தால் நமக்குத்தான் ஏமாற்றம்.

முகாம் தளபதியாக வரும் ஷெர்லி ஸ்டோலரின் பருமனைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. கேலி அவள்மீது அல்ல. எலும்பும் தோலுமாய் நிற்பவன், நேப்பிள்ஸ் தெருவில் பெண்களை மடக்கிய அதே கண்வீச்சையும் முணுமுணுப்புப் பாட்டையும் இங்கேயும் அவிழ்த்துவிடுகிறானே, அதுதான் கேலி. அவளுக்கு இவனுடைய நோக்கம் தெரியும். தெரிந்தே இடம் கொடுக்கிறாள். பிறகு ஒரு பொறுப்பும் தருகிறாள்: சாக வேண்டிய ஆறு பேரை அவனே பொறுக்கித்தர வேண்டும்.

எப்படியாவது உயிர் தப்பினால் போதும் என்பதுதான் இயக்குநரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது கடைசித் தவறு. டாகௌ, புகன்வால்ட் முகாம்களில் அடைபட்டிருந்த உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைமே கிட்டத்தட்ட அப்படிப் படித்து, 1976இல் படத்தைக் கடுமையாகச் சாடினார். பட்டு அனுபவித்தவரின் கோபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் என் கண் முகாமின் இன்னொரு கைதி பெத்ரோவிடமே போகிறது. ஃபெர்னாண்டோ ரே நடித்த அந்த அராஜகவாதி, இப்படி வாழ்வதைவிட மேல் என்று மலக்குழியில் குதித்துச் சாகிறான். அந்தக் காட்சியைப் படத்தில் வைத்தவரும் வெர்ட்முல்லர்தான்.

முடிவை அறிய விரும்பாதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். பாஸ்குவாலினோ வீடு திரும்புகிறான். யாருடைய மானத்துக்காகக் கொலை செய்தானோ, அந்த வீடு முழுக்கப் படைவீரர்களிடம் உடம்பை விற்றுத்தான் போரைத் தாண்டியிருக்கிறது. அம்மா, நீ உயிரோடு வந்தாயே என்கிறாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, “ஆமாம், உயிரோடுதான் இருக்கிறேன்” என்கிறான். அப்போது சப்டைட்டிலை விட்டுவிட்டு, பாஸ்குவாலினோவாக நடித்த ஜியான்கார்லோ ஜியான்னினியின் கண்களைப் பாருங்கள்.