பழைய எஸ்டேட் காரில் பின்பக்க ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் மாற்றுவது எப்படி?

பல வருடம் சாமான் ஏற்றி ஓடிய எஸ்டேட் கார் (கூரை பின்கதவு வரை நீண்டு, பின்னால் பெரிய சாமான் இடம் உள்ள கார்), காலியாக நிற்கும்போதே பின்பக்கம் உட்கார்ந்த மாதிரி தெரியும். பார்த்த உடனே "ஷாக் போச்சு" என்பார்கள். ஆனால் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. எனவே வண்டி தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் பின்பக்கம் ஆடிக்கொண்டே போனால் ஷாக்கைப் பாருங்கள். ஸ்பிரிங்கை எடுக்க எப்படியும் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால், பழைய வண்டியில் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது நல்லது.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக நிற்கும் பீம் ஆக்சில் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குத் தண்டு) வண்டிகளுக்கானது இந்த விளக்கம். முன்பக்க ஸ்ட்ரட் வேறு கதை. அங்கே ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையிலேயே ஷாக்கோடு சேர்ந்து இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே காயப்படுத்தும். முதல்முறை செய்பவர்கள் அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

வாங்கும் முன்

ஷாக்கின் உடம்பில் லேசாக எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரமாக வழிந்து தூசி அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அலையலையாகத் தேய்ந்திருப்பதும் ஷாக் ஓய்ந்ததற்கு ஓர் அடையாளம். ஸ்பிரிங்கில் கடைசிச் சுற்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அழுக்கும் ஈரமும் தங்கி, துரு பிடித்து, பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் பிறகு வேண்டும்.

உங்கள் வண்டியில் தானே உயரத்தைச் சரிசெய்யும் பின்பக்க ஷாக் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். வால்வோ எஸ்டேட்டுகள் சிலவற்றில் வந்த நிவோமாட் அந்த ரகம். அந்த ஷாக்கே எடையில் ஒரு பங்கைச் சுமப்பதால் கூட வரும் ஸ்பிரிங் மென்மையாக இருக்கும். விலை குறைவு என்று சாதாரண ஷாக்கை மட்டும் போட்டால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். ஸ்பிரிங்கையும் சேர்த்து சாதாரண ரகத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். மெர்சிடிஸ் டபிள்யூ124 எஸ்டேட்டின் பின்பக்கமோ ஹைட்ராலிக் அமைப்பு, இந்த முறை அதற்குப் பொருந்தாது.

எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். போல்ட், நட், ஸ்பிரிங்கின் ரப்பர் இருக்கை, பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வந்து பாடியில் இடிக்காமல் தடுக்கும் மெத்தை) ஆகியவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

கழற்றுவது

முந்தைய நாளே எல்லா போல்ட்டுகளையும் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மறுநாள் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். பின் சக்கரம் தரையில் இருக்காது, அதனால் ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கி, பாடியில் அதற்கென்று உள்ள இடங்களில் இரண்டு ஸ்டாண்டு வைத்து, வண்டியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள்.

இனி சக்கரங்களை எடுத்துவிட்டு, ஆக்சிலுக்கு அடியில் ஒரு ஜாக்கை முட்டுக் கொடுங்கள். ஆக்சில் இதற்குமேல் கீழே இறங்காமல் பிடித்திருப்பது ஷாக்தான். முட்டு இல்லாமல் போல்ட்டை உருவினால் ஆக்சில் சட்டென்று விழும், ஸ்பிரிங்கும் எகிறும். கீழ் போல்ட்டுகளை எடுத்ததும் ஜாக்கை மெதுவாக இறக்குங்கள். கண் பிரேக் ஹோஸ் மேலேயும் ஏபிஎஸ் வயர் மேலேயும் இருக்கட்டும். அவை விறைக்கும் அளவுக்கு இறக்கக் கூடாது. ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும்.

ஷாக்கின் மேல் நட் பல எஸ்டேட்டுகளில் டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் பழைய ஷாக் கீழே வந்துவிடும்.

பூட்டுவது

புதிய ஷாக்கை அப்படியே மாட்டிவிடாதீர்கள். இரட்டைக் குழாய் ரகம் (ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் உள்ளது) என்றால் தலைகீழாகப் பிடித்து முழுதாக அழுத்தி, நிமிர்த்தி முழுதாக நீள விடுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் உள் குழாய்க்குள் இடம் மாறிப் போன காற்று அதிலிருந்து வெளியேறும். மேல் நட்டை முறுக்கும்போது தண்டு சுற்றினால் அதன் நுனியில் உள்ள தட்டை இடத்தை ஸ்பேனரால் பிடியுங்கள். பளபளக்கும் தண்டில் குறடு வைத்தால் கீறல் விழும், அந்தக் கீறல் சீலைக் கிழிக்கும், சீக்கிரமே புதிய ஷாக்கும் ஒழுக ஆரம்பிக்கும்.

ஸ்பிரிங்கின் நுனி இருக்கையில் உள்ள தடுப்பில் சரியாக முட்டி நிற்க வேண்டும். விரலால் தடவி உறுதி செய்துகொண்டு, ஜாக்கை ஏற்றி, கீழ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டுங்கள்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஆக்சில் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முறுக்கிவிட்டால், ஷாக்கின் காதில் (போல்ட் நுழையும் வளையத்தில்) உள்ள ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே இறுகிவிடும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியபடியே கிடக்கும், சீக்கிரம் கிழிந்து சத்தம் போடும். முன்பே அளந்தீர்களே, அந்த உயரம்! புது ஸ்பிரிங் என்பதால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும் அளவுக்கு ஆக்சிலை ஜாக்கால் உயர்த்தி, அந்த நிலையில் போல்ட்டை முறுக்குங்கள். ஜாக்கைத் தூக்கும்போது பாடி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பினால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்படியானால் சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, சற்று ஆட்டிவிட்டு, சக்கரங்கள் எடையைத் தாங்கும் நிலையில் முறுக்குவதே சரி. எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அந்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

ஓட்டிப் பார்த்த பிறகு

50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். பின்பக்கம் உயர்ந்திருப்பதால் ஹெட்லைட் கீழே பார்க்கும், அதையும் சரிசெய்ய வேண்டும். பழைய எஸ்டேட்டுகள் சிலவற்றில், சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஆக்சிலோடு கம்பியாலோ ஸ்பிரிங்காலோ இணைந்திருக்கும். உயரம் மாறினால் அதன் கணக்கும் மாறும். உங்கள் வண்டியில் அது இருந்தால், பாரம் ஏற்றி ஓட்டுவதற்கு முன் பிரேக் பார்ப்பவரிடம் காட்டிவிடுங்கள்.